ஓட்டை தெரியாத தூரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு எங்கள் பழைய மாட்டுக் கொட்டகையில் ஒரு கற்பூர வில்லை எரியும். குண்டு போடாமல் மடக்கித் திறந்துவைத்த ஏர் ரைஃபிளின் குழல் முனையை அந்தப் புகைக்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் பிடித்து, குறி பார்ப்பதற்காக அங்கே நிற்கிற சின்ன இரும்பு முன்முள்ளுக்குக் கரி ஏற்றுவாள் என் அண்ணன் மகள். கண்மைக்குக் கரி பிடிக்கிற அதே வேலைதான். தென்னந்தோப்பு வழியாக வெயில் சாய்ந்து விழும் அந்த நேரத்தில் கரி ஏற்றாத முள்ளின் ஒரு பக்கம் மினுமினுக்கும். மினுக்கத்தையே முள்ளின் விளிம்பு என்று கண் நம்பிவிடும். குறி அட்டையில் குண்டு ஒரு வளையம் தள்ளிப் போய்விடும். கரி படிந்த முள் ஓரம் வெட்டினாற்போல் கறுப்பாக நிற்கும். “அத்தை, முள் தயார்” என்பாள். அதன் பிறகுதான் ஈயக் குண்டான பெல்லட் டப்பாவைத் திறக்க நான் அனுமதிப்பேன்.

எட்டு மாதத்துக்கு முன்னால் அந்த ரைஃபிளில் முள் இருப்பதையே நாங்கள் கவனிக்கவில்லை. சென்னையிலிருந்து அண்ணன் தன் மகளின் பதினான்காவது பிறந்தநாளுக்கு அனுப்பியது அது. மேலே பளபளவென்று ஒரு ஸ்கோப், அதாவது குறி பார்க்கிற தொலைநோக்கிக் குழாய், மாட்டியே வந்தது. அவள் படிப்பது இங்கே, திருவையாற்றுக்குப் பக்கத்தில், பாட்டி வீட்டில். தொலைக்காட்சியில் போட்டியைப் பார்த்துவிட்டு ஒரு வருடமாக விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில் என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்த அத்தை வீட்டில் இருக்கிறாள் என்ற தைரியத்தில் அண்ணன் வாங்கி அனுப்பிவிட்டார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்போகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதனால் அது விளையாட்டுச் சாமானாகிவிடாது. பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் அவள் அதைத் தொடுவதில்லை. இரண்டு பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் சுடுவதில்லை. ஈயக் குண்டு தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் காப்பித் தம்ளரை எடுப்பதில்லை.

அன்றிலிருந்து உறவுக்காரர்களும் அவளுடைய தோழிகளின் பெற்றோரும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பழகும்போதே ஸ்கோப்பில் பழகலாமா, முள்ளும் பள்ளமும் மட்டும் உள்ள வெறும் சைட்டில், அதாவது ஓபன் சைட்டில், பழக வேண்டுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்ன வயதுக் கண்ணாக இருந்தால் முதல் ஆறு மாதம் ஸ்கோப்பைக் கழற்றிப் பெட்டியில் வையுங்கள். இந்த முடிவுக்கு நான் நேராக வந்து சேரவில்லை. ஸ்கோப்பில் இரண்டரை மாதம் பழகவைத்த பிறகுதான் வந்தேன்.

1997இல் கும்பகோணத்தில் படித்தபோது .22 ரைஃபிளில் 25 கெஜ தூரத்தில் எங்களைப் படுத்துக்கொண்டு சுடவைத்தார்கள். ஆளுக்கு ஐந்து குண்டு. ஐந்தும் எங்கே விழுந்தன என்பதை விட ஐந்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதைத்தான் அளப்பார்கள். அதற்குக் குரூப்பிங் என்று பெயர். எங்களுக்குக் கற்றுக்கொடுத்த ஹவில்தார் அதிகம் பேசாதவர். நான் படுத்துக் குறி பார்க்கும்போது பக்கத்தில் குனிந்து, “கறுப்பு வட்டம் தெளிவாகத் தெரிகிறதா?” என்று கேட்டார். “தெரிகிறது சார்” என்றேன் பெருமையாக. “தெரியக் கூடாது. முள் தெரிய வேண்டும்” என்றார். அன்று எனக்கு அது விளங்கவில்லை. சுட வேண்டிய இடத்தை மங்கலாக விட்டுவிட்டு, கையருகில் இருக்கிற இரும்பைப் பார் என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் விளங்கும்?

அதை எனக்கு விளக்கியவர் எங்கள் ஊர் ஆசாரி. அதுவும் பல வருடம் கழித்து, கதவு நிலைக்குப் பலகை இழைத்துக்கொண்டிருந்தபோது, தான் விளக்குகிறோம் என்று தெரியாமலே விளக்கினார். இழைத்த பலகையைத் தூக்கிக் கன்னத்தருகே வைத்து, ஒரு கண்ணை மூடி விளிம்போடு நோட்டம் பார்த்தார். கண்ணருகே ஒரு ஓரம், எதிர்முனையில் ஒரு ஓரம், அதற்கும் அப்பால் எங்கள் வீட்டுத் திண்ணை. திண்ணையில் என் அம்மா உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “அம்மா தெரிகிறார்களா?” என்று கேட்டேன். “யாரோ இருக்கிறார்கள். பலகையில் கண் இருக்கும்போது ஆள் எங்கே தெரியும்?” என்றார்.

கண்ணின் இயல்பே அதுதான். ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் அது தெளிவாகப் பிடிக்கும். ஓபன் சைட்டில் மூன்று தூரம் இருக்கிறது: கண்ணருகே பின்சைட்டின் பள்ளம், குழல் முனையில் முள், 10 மீட்டரில் கார்டு என்கிற குறி அட்டை. மூன்றையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க யாராலும் முடியாது. எனவே எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அண்ணன் மகளுக்கு அதை நான் கணக்கு நோட்டில்தான் போட்டுக் காட்டினேன்.

எங்கள் ரைஃபிளில் பள்ளத்துக்கும் முள்ளுக்கும் நடுவே 45 சென்டிமீட்டர். கார்டு இருப்பது 10 மீட்டரில். அதாவது அந்த இடைவெளியைப் போல 22 மடங்கு. முள், பள்ளத்தின் நடுவிலிருந்து 0.1 மில்லிமீட்டர் விலகினால் கார்டில் குண்டு 2.2 மில்லிமீட்டர் விலகும். 0.1 மில்லிமீட்டர் என்பது தலைமுடியின் கனத்தை விடச் சற்றுத்தான் அதிகம். சர்வதேசப் போட்டிக் கார்டில் ஒரு வளையத்திலிருந்து அடுத்த வளையத்துக்கு 2.5 மில்லிமீட்டர். ஒரு முடியளவு தவறு ஏறக்குறைய ஒரு வளையத்தைத் தின்றுவிடுகிறது. இன்னொரு வகைத் தவறும் உண்டு. முள்ளும் பள்ளமும் சரியாகப் பொருந்தியிருக்க, மொத்தத் துப்பாக்கியும் அப்படியே 2 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால், கார்டிலும் குண்டு வெறும் 2 மில்லிமீட்டர்தான் நகரும். முள் விலகிய தவறு 22 மடங்காகப் பெருகுகிறது, துப்பாக்கி நகர்ந்த தவறு உள்ளபடியே நிற்கிறது. கார்டு மங்கலாக இருந்தால் பாதகமில்லை, முள் மங்கினால் எல்லாம் போயிற்று. ஹவில்தார் ஒரு வரியில் சொன்னதற்கு முழு விளக்கம் இதுதான். இருபத்தெட்டு வருடம் கழித்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டேன்.

பார்வையில் அது எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முள்ளின் தலையும் பள்ளத்தின் இரு தோள்களும் ஒரே மட்டத்தில், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் இருக்க வேண்டும். முள்ளின் இரு பக்கமும் தெரிகிற வெளிச்சக் கீற்று சமமாக இருக்க வேண்டும். கறுப்பு வட்டம் முள்ளின் தலைமேல் பட்டும் படாமலும் உட்கார வேண்டும். புது வீடு கட்டுகிற இடத்தில் கம்பின்மேல் திருஷ்டிப் பானை கவிழ்த்திருப்பார்களே, அப்படி. நடு வட்டத்தில் முள்ளைக் குத்தினால் கறுப்போடு கறுப்பு கலந்து முள் எங்கே முடிகிறது என்று தெரியாமல் போய்விடும்.

ஸ்கோப்புக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. அதுதான் அதன் பலம். அதை மறைக்க நான் விரும்பவில்லை. கண்ணாடிகளின் உதவியால் குறுக்குக்கோடும் கார்டும் ஒரே தளத்தில் தெளிவாகத் தெரிகின்றன. கண் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கோட்டைப் புள்ளியில் வைத்து விசையை இழுத்தால் போதும். முதல் நாளே அண்ணன் மகள் கறுப்பு வட்டத்துக்குள் ஆறு குண்டு போட்டாள். பாட்டியைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கும் கண் நிறைந்தது.

மூன்றாவது வாரத்தில் அது கெடத் தொடங்கியது. ஸ்கோப் கார்டை ஒன்பது மடங்கு பெரிதாக்குகிறது. கூடவே அவளுடைய நடுக்கத்தையும் ஒன்பது மடங்கு பெரிதாக்குகிறது. நின்றுகொண்டு நாலு கிலோ எடையைத் தாங்குகிற பதினான்கு வயதுத் தோளில் நடுக்கம் இருக்கத்தான் செய்யும். மூச்சு இழுத்தால் கோடு ஏறும், விட்டால் இறங்கும், நாடித் துடிப்புக்கே துள்ளும். வெறும் சைட்டிலும் இதே நடுக்கம் இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கோப்பில் தெரிந்ததும் அவள் ஒரு வேலை செய்யத் தொடங்கினாள். கோடு புள்ளியைக் கடக்கிற அந்த நொடிக்காகக் காத்திருந்து, கடந்ததும் வெடுக்கென்று விசையைப் பறித்தாள். பறிக்கிற விரல் துப்பாக்கியையும் சேர்த்து இழுக்கும். குண்டுகள் எல்லாம் வலப்பக்கம் கீழே போய்க் குவிந்தன. விசையை மெல்ல, எப்போது விடுபடும் என்று தனக்கே தெரியாதபடி அழுத்த வேண்டும். அந்த விரலைப் பழக்குவதற்கே முதல் ஆறு மாதம் வேண்டும். ஸ்கோப் அந்த விரலைக் கெடுத்தது.

அதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று நடந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அவள் பின்னால் நிற்காமல் ஒருநாள் பக்கவாட்டில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு குண்டுக்கும் அவள் கன்னம் கட்டையை விட்டு அரை அங்குலம் எழுந்தது. குண்டு குழலை விட்டுப் போகும் முன்பே எழுந்தது. என்னவென்று கேட்டால், எங்கே விழுந்தது என்று பார்க்கிறாளாம். ஸ்கோப்பில் ஓட்டை உடனே தெரியும். தெரிகிறது என்பதால் பார்க்கத் தோன்றும். பார்க்கத் தோன்றுவதால் சுடுவது முடியும் முன்பே மனம் கார்டுக்குப் போய்விடும். எங்களுடையதுபோன்ற ஸ்பிரிங் ரைஃபிளில் விசை விடுபட்டபின் உருளைக்குள் பிஸ்டன் ஓடி, காற்றை நெருக்கி, அதன் பிறகுதான் குண்டு குழலைக் கடக்கிறது. அந்தச் சிறு நேரம் முழுதும் துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் உதைக்கிறது. அப்போது கன்னம் அசைந்தால் குறி பார்த்த அத்தனை பாடும் வீண்.

அன்று மாலையே ஸ்கோப்பைக் கழற்றினேன். அவள் அழவில்லை, ஆனால் இரவு சாப்பாட்டின்போது பேசவும் இல்லை.

10 மீட்டர் தூரத்தில், கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த 4.5 மில்லிமீட்டர் ஓட்டை வெறும் கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைதான் ஓபன் சைட் தருகிற பெரிய கொடை என்று நான் மனதார நம்புகிறேன். ஓட்டை தெரியாதபோது சுடுகிறவளுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று: விசை விடுபட்ட நொடியில் முள் எங்கே நின்றது என்ற நினைவு. அதைப் படம்போல் மனதில் பிடித்துவைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும், கார்டைப் பார்க்கப் போவதற்கு முன், குண்டு எங்கே விழுந்திருக்கும் என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். கடிகார முகத்தை வைத்துத் திசை, வளைய எண்ணை வைத்துத் தூரம். “மூன்று மணி, ஏழு.” நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். பிறகு நடந்துபோய்ப் பார்ப்போம். முதல் வாரம் சொன்னதற்கும் விழுந்ததற்கும் சம்பந்தமே இல்லை. திசையே மாறிப்போனது. இரண்டாம் மாதத்தில் பத்துக்கு நான்கு பொருந்தியது. சொன்ன இடத்தில் விழுந்த ஏழாம் வளையக் குண்டு, சொல்லாமல் விழுந்த பத்தாம் வளையக் குண்டைக் காட்டிலும் மேல் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். முந்தையதற்குக் காரணம் அவளுக்குத் தெரியும்.

வந்த ஸ்கோப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முதல் சிக்கல், 10 மீட்டரில் கார்டு மங்கலாகத் தெரிந்தது. பெரிய ரைஃபிள்களுக்கான ஸ்கோப்புகளைப் பெரும்பாலும் 100 கெஜ தூரத்துக்குப் பொருந்துமாறு செய்கிறார்கள். பக்கத்தில் இருப்பதை அது தெளிவாகக் காட்டாது; தவிரவும், கண் நடுவிலிருந்து சற்று விலகினால் குறுக்குக்கோடு கார்டின்மேல் ஊர்ந்து போகும். வாங்குமுன் கடையிலேயே சோதிக்கலாம். துப்பாக்கியை மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, கையால் தொடாமல், தலையை மட்டும் இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கோடு ஊர்ந்தால் உங்கள் தூரத்துக்கு அது உதவாது. முன்பக்க வளையத்தைத் திருகி 10 கெஜம் வரை தெளிவாக்கிக்கொள்ளும் வகை தனியாக உண்டு. ஏர் ரைஃபிளுக்கு அதுதான் வேண்டும்.

இரண்டாவது சிக்கல் இன்னும் மோசம். ஸ்பிரிங் ரைஃபிள் பின்னால் ஒரு உதை உதைத்து, பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னாலும் ஒரு உதை உதைக்கும். சாதாரண ஸ்கோப் பின்உதைக்குத் தாங்கும்படிதான் கட்டியிருப்பார்கள். முன்உதையில் உள்ளே இருக்கிற பாகங்கள் தளர்ந்துவிடும். மூன்றாவது மாதம் ஒரு காலையில் எங்கள் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு கூட்டல் குறியாக இல்லாமல் பெருக்கல் குறிபோல் சாய்ந்து கிடந்தது. விற்ற கடையில் கேட்டதற்கு நாங்கள் கீழே போட்டிருப்போம் என்றார்கள். கீழே போடவில்லை. ஸ்பிரிங் ரைஃபிளோடு சேர்த்து அந்த ஸ்கோப்பை விற்றதே தவறு. அதைச் சொன்னபோது தொலைபேசியை வைத்துவிட்டார்கள். அண்ணன் கொடுத்த பணம் அவர் ராத்திரி ஷிப்டில் சம்பாதித்தது. இன்று வரை எனக்கு ஆறவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் சொந்த ரைஃபிளில் ஸ்கோப் இருக்கிறது. எனக்கு நாற்பத்தேழு வயது. மூன்று வருடமாக வெள்ளெழுத்து. அவளுக்குக் கரியாகத் தெரிகிற முள் எனக்குப் பஞ்சுத் திரிபோல் தெரிகிறது. படிக்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். அது 40 சென்டிமீட்டர் தூரத்துக்கானது, முள் இருப்பதோ கண்ணிலிருந்து 85 சென்டிமீட்டரில். கண் மருத்துவரிடம் அந்த அளவைச் சொல்லி அதற்கென்று ஒரு கண்ணாடி செய்துகொள்ளலாம். முள் மறுபடி கிடைக்கும். அது வரும்வரை, உதை தாங்குகிற, பத்துக் கெஜத்துக்கு இறங்குகிற ஸ்கோப் ஒன்றை விசாரித்து வாங்கி மாட்டிக்கொண்டேன். வெள்ளெழுத்து வந்தவர்கள் பிடிவாதமாக ஓபன் சைட்டோடு மல்லுக்கட்டி, துப்பாக்கியே வேண்டாம் என்று விட்டுவிடுவதை விட ஸ்கோப் எவ்வளவோ மேல். ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்கோப்பில் குறியைத் திருத்துகிற திருகின் ஒரு சொடுக்குக்கு 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் நகரும் என்றால், 10 மீட்டரில் 0.7 மில்லிமீட்டர்தான். ஒரு சென்டிமீட்டர் திருத்த வேண்டுமென்றால் பதினான்கு சொடுக்கு. இரண்டு சொடுக்குத் திருப்பிவிட்டு ஸ்கோப் பழுது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அண்ணன் மகளுக்கு அடுத்த படி ஸ்கோப் இல்லை, பீப் சைட். பின்னால் பள்ளத்துக்குப் பதில் ஊசித்துளை, முன்னால் முள்ளுக்குப் பதில் வளையம். துளைக்குள் வளையம், வளையத்துக்குள் கறுப்பு வட்டம், ஒன்றுக்குள் ஒன்று சமமாக வெள்ளை விட்டு நிற்க வேண்டும். சின்னத் துளை வழியே பார்ப்பதால் பக்கமும் தூரமும் கொஞ்சம் கூடுதலாகத் தெளியும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவில் வைக்கக் கண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு இடமே இல்லை. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றது பீப் சைட்டில்தான். கார்டின் பத்தாம் வளையம் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதை அவர் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படம் கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கிறது. அவர் துப்பாக்கியில் ஸ்கோப் இல்லை என்பதை அண்ணன் மகளே கண்டுபிடித்து எனக்குக் காட்டினாள். என்மீது இருந்த கோபம் அன்றுதான் தீர்ந்தது. நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட் ஏர் ரைஃபிளுக்கென்றே தனிப் பிரிவு இருப்பதால், இப்போது பழகுவதையே எடுத்துக்கொண்டு அவள் போட்டிக்குப் போகலாம்.

குறி தவறாமல் சுடுகிறாளாமே, நாற்றங்காலில் இறங்குகிற கொக்கையும் மயிலையும் விரட்டித் தரக்கூடாதா என்று கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உயிர்மேல் குழலைத் திருப்பினால் அன்றோடு துப்பாக்கி பரணுக்குப் போய்விடும் என்று வீட்டில் முதல் நாளே பேசியாயிற்று. குண்டைத் தாங்க நாங்கள் வைத்திருப்பது வயல் வண்டல். குறுவை அறுத்தபின் எடுத்த களிமண்ணைப் பிசைந்து, கனத்த மரப்பெட்டியில் ஒரு சாண் கனத்துக்கு அடைத்து, ஈரச் சாக்கு போட்டு மூடிவைப்போம். குண்டு சத்தமில்லாமல் உள்ளே போய் நின்றுவிடும், தெறிக்காது. பெட்டிக்குப் பின்னால் கொட்டகையின் பழைய மண்சுவர் இரண்டடிக் கனம்.

போன ஞாயிறு பனி இருந்தது. தோப்புக்குள் வெயில் வர ஏழு மணி ஆகிவிட்டது. அவள் மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினாள். கன்னம் கட்டையில் அப்படியே இருந்தது. குண்டு போன பிறகும், நான் மனதுக்குள் இரண்டு எண்ணும்வரை, அவள் கண் முள்ளை விட்டு நகரவில்லை. பிறகு குழலை மடக்கித் திறந்து, மேடையில் வைத்தாள்.

“ஏழு மணி, எட்டு. கடைசியில் முள் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது அத்தை.”

நோட்டில் எழுதிக்கொண்டு நடந்தோம். கார்டைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஏழு மணிப் பக்கம், எட்டாம் வளையத்தின் கோட்டைத் தொட்டுக்கொண்டு, ஓரம் பிசிறில்லாத ஒரு ஓட்டை.